பதினான்காம் விதியும் நனைந்த பறைகளும்

“அது மட்டும் தீ இல்லையாக்கா?”

முப்பத்தொரு வருட மேடை நிர்வாகத்தில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் பெரும்பாலானவை கழிப்பறை எங்கே, சாப்பாடு எப்போது, எங்கள் பெயர் மட்டும் ஏன் சின்ன எழுத்தில் என்பவைதான். அவற்றுக்கெல்லாம் பதில் வைத்திருந்தேன். இந்தக் கேள்வியைப் பறை வாசிக்க வந்த பாண்டிச்செல்வி கேட்டபோது என் கையில் எரிகிற மெழுகுவத்தி ஒன்று இருந்தது.

மேடைப் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என் அனுபவங்களை எழுதித் தரச் சொன்னீர்கள். ஒலி, ஒளி, கேபிள் ஆகியவை பற்றி என்னைவிட உங்களுக்கு அதிகம் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன். நான் எழுதிய ஒரு விதியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது. எரிச்சலில் பெரும்பங்கு என்மேல்தான்.

நான் சமூகப்பணியில் பட்டம் பெற்றவள். ஒரு காரியத்தைச் செய்தால் அதன் விளைவு யார் தலையில் விழும் என்று யோசித்துப் பார்ப்பதுதான் கல்லூரியில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது. மேடை வேலைக்கு வந்த புதிதில் ஓர் அரங்கத்தின் பின்புறத்தில் யாரோ தேநீர் போடக் கொண்டுவந்த கேஸ் அடுப்பிலிருந்து திரைச்சீலை பற்றிக்கொண்டது. திரையைப் பிடித்து இழுத்த விளக்குக்காரரின் வலதுகை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்துபோனது. மருத்துவமனையில் அவர் அருகில் உட்கார்ந்திருந்தபோதே, இனி நான் பொறுப்பேற்கும் எந்த மேடைக்கும் எழுத்தில் விதிகள் இருக்கும் என்று தீர்மானித்தேன்.

அப்படி உருவான எட்டுப் பக்கப் பட்டியலில் பதினான்காவது: “மைதான எல்லைக்குள் எவ்விதத் திறந்த நெருப்பும் எக்காரணம் கொண்டும் அனுமதிக்கப்படாது.” அந்த ‘எக்காரணம் கொண்டும்’ என்ற சொற்களை எழுதிவிட்டு நான் அடைந்த திருப்தியைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

நான் ஓய்வு பெறுவதற்கு நான்கு வருடங்களுக்கு முன்பு, ஒரு மே மாதத்தில், திருப்பரங்குன்றத்தைத் தாண்டி ஒரு கல்லூரி மைதானத்தில் கோடை இசை விழா நடந்தது. முக்கியமான குழுக்கள் இரண்டு. ஒன்று நவீன் என்ற கிதார் கலைஞரின் ராக் குழு. கிதார், பாஞ்சோ, மவுத் ஆர்கன் வைத்துக்கொண்டு நாட்டுப்புற மெட்டுகளை உரத்த தாளத்தில் பாடுவார்கள்; இளைஞர்கள் கூட்டம் அவர்களுக்காகவே வரும். மற்றொன்று பாண்டிச்செல்வியின் பறைக்குழு. பாண்டிச்செல்வி செவிலியர். குழுவில் இருந்த எட்டுப் பேரில் இரண்டு ஆசிரியர்கள், ஒரு கொத்தனார், ஒரு பேருந்து நடத்துநர் என்று எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள்.

அவர்கள் ஒன்பது வருடங்களுக்கு முன்பு ஒரு முடிவு எடுத்திருந்தார்கள். இழவு வீடுகளுக்கு வாசிக்கப் போவதில்லை. பறையை இசையாகக் கேட்க விரும்புகிற மேடைகளில் மட்டுமே வாசிப்பது. ஊரில் அது எளிதாகச் செரிக்கப்படவில்லை. “மேடையேறிட்டா பெரிய ஆளுகளாயிருவீகளோ?” என்று கேட்டவர்கள் உண்டு. இப்போது மதுரையில் ஒரு பெரிய விழாவின் சுவரொட்டியில் நவீனின் குழுப் பெயரும் அவர்களுடைய குழுப் பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருந்தன. அதைப் பார்க்க ஊரிலிருந்து இரண்டு வேன்களில் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். வாழ்த்த வருபவர்களும் வந்தார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டவர்களும் வந்தார்கள். பாண்டிச்செல்வி காலையிலேயே என்னிடம் சொல்லியிருந்தார்: “எங்களுக்கு இன்னைக்கு பரீட்சக்கா.”

நவீனின் குழுவிலிருந்து ஒரு மாதத்துக்கு முன்பே ‘ரைடர்’ வந்திருந்தது. ஒரு குழுவுக்கு மேடையில் என்னென்ன வேண்டும் என்று முன்கூட்டி அனுப்பும் பட்டியலுக்கு நம் தொழிலில் அதுதான் பெயர். பதினோரு பக்கம். டிரம்ஸ் வாசிப்பவரின் காலடியில் கம்பளம், கத்திரிக்காய் இல்லாத சாப்பாடு, எலுமிச்சை பிழியாத வெந்நீர், கடைசிப் பாடலில் மேடையின் முன்விளிம்பில் நான்கு கேஸ் தீப்பிழம்புகள். அந்தத் தீப்பிழம்புகளுக்காக நான் மூன்று நாட்கள் கடிதம் எழுதி, அனுமதி வாங்கி, பதினான்காம் விதிக்கு ‘இணைப்பு அ’ என்று ஒரு விலக்கும் தயாரித்தேன்.

பாண்டிச்செல்வியின் குழுவிடமிருந்து ரைடர் வரவில்லை. வரவில்லை என்று எழுதுவதே நேர்மையற்றது, நாங்கள் கேட்கவில்லை. “அவங்களுக்கு என்ன மேடம், பறையத் தூக்கிட்டு வருவாங்க, அடிச்சிட்டுப் போயிருவாங்க” என்று விழாக் குழுவின் செயலாளர் கூட்டத்தில் சொன்னார். நான் தலையாட்டினேன். குறிப்பேட்டில் ‘பறை: தேவைகள் இல்லை’ என்று எழுதியது என் கையெழுத்துதான்.

அன்று நவீனின் ஒலிச்சோதனை இரண்டு மணிக்குத் தொடங்கி மூன்றரைக்கு முடிந்திருக்க வேண்டும். நாலே கால் வரை இழுத்தது. பாஞ்சோவில் ஏதோ இரைச்சல். அதைத் தேடி ஒலிப்பொறியாளர் இஸ்மாயில் பாய் ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். ஒப்பனை அறை முழுவதும் ராக் குழுவின் பெட்டிகள். பறைக்குழு பின்புறத்தில் ஒரு துணிப் பந்தலின் கீழ் உட்கார வைக்கப்பட்டிருந்தது. நாலரைக்குக் கோடை மழை வந்தது. இருபது நிமிடம்தான். மதுரையில் மேயில் மழை பெய்தால் எல்லோரும் முகத்தை நிமிர்த்திச் சிரிப்பார்கள். அன்று பாண்டிச்செல்வி சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பாலும் துண்டாலும் பறைகளை மூடிக்கொண்டு எட்டுப் பேரும் குனிந்து நின்றார்கள். மேலே விழுந்த நீரைத் தடுத்துவிட்டார்கள். காற்றில் ஏறிய ஈரத்தை என்ன செய்ய முடியும்?

மழை விட்டதும் அவர் ஒரு பறையைத் தோளில் மாட்டி ஒரு தட்டுத் தட்டினார். நனைந்த சாக்குமூட்டையைக் குத்தியதுபோல ‘தொப்’ என்று ஒரு சத்தம்.

உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பதால் சொல்கிறேன். பறையின் தோல் தளர்ந்துவிட்டால் அதைத் தீயில் வாட்டித்தான் இறுக்க முடியும். வைக்கோலோ காய்ந்த ஓலையோ காகிதமோ கொளுத்தி, தீயின் மேல் காட்டித் திருப்பித் திருப்பி எடுப்பார்கள். இதைக் ‘காய்ச்சுவது’ என்பார்கள். கிதார்க்காரர் நரம்பை முறுக்குவது எப்படியோ, அப்படி. ஐந்து நிமிட வேலை. அவர்கள் வழக்கம்போல் ஒரு கட்டு வைக்கோலோடு வந்திருந்தார்கள். பந்தலை விட்டு விலகி வெட்டவெளியில் தீ மூட்டினார்கள்.

முதல் பறை தீயில் காட்டப்பட்ட உடனே, பாதுகாப்பு மேற்பார்வையாளர் ராசு ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டினார். வைக்கோல் சாம்பல் எல்லோர் காலிலும் தெறித்தது. நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது சண்டை பாதி நடந்திருந்தது.

“என்னண்ணே, ஒரு வார்த்த கேக்கமாட்டீகளா? தோலு மேல தண்ணி பட்டிருந்தா என்னாகும்?” என்று ராசுவிடம் கேட்டார் பாண்டிச்செல்வி.

“ஏம்மா, என்னயக் கேட்டா? மேடந்தான் காலைல நிக்கவச்சுப் படிச்சுக் காட்டுனாங்க. ரூல் பதினாலு. எக்காரணம் கொண்டும். மேடம், நீங்களே சொல்லுங்க, சொன்னீங்களா இல்லையா?”

“சொன்னேன்” என்றேன்.

“ஆங்!” என்று ராசு வாளியைக் கவிழ்த்து வைத்தார்.

பாண்டிச்செல்வி என்னைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. “எங்கப்பா எம்புட்டு இழவுக்கு வாசிச்சிருப்பாரு. ஒரு எடத்துலயும் தீ மூட்டாதன்னு யாரும் சொன்னதில்லக்கா. சுடுகாட்டுல தீக்கு என்ன பஞ்சம்? மேடைன்னு வந்தாத்தான் ஆகாதாக்கும்.”

அந்த நிமிடத்தில் எனக்கு அந்த விளக்குக்காரரின் கைதான் நினைவுக்கு வந்தது. துணிப் பந்தல், ஜெனரேட்டருக்கான டீசல், நூற்றுக்கணக்கில் ஆட்கள். என் பயம் பொய்யல்ல. ஆனால் பயம் நியாயமாக இருப்பதாலேயே அதிலிருந்து பிறக்கிற முடிவும் நியாயமாகிவிடாது. அன்று எனக்கு அது புரியவில்லை. “வேறு வழி இருக்கும், பொறுங்கள்” என்றேன். உங்களிடம் பொறுமையாகப் பேசும் ஒரு நிர்வாகி ‘வேறு வழி இருக்கும்’ என்றால் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

என் வேறு வழி, மேடைக்குப் பின்னால் இருந்த இரண்டு பெரிய ஹாலஜன் விளக்குகள். சூடுதானே வேண்டும்? விளக்கைத் தாங்கியில் நிறுத்தி அதன் முன் பறையைப் பிடிக்கச் சொன்னேன். “அம்மா, சூடு ஒரே எடத்துல விழுகுது” என்றார் கொத்தனார் மாயாண்டி. “கொஞ்சம் நகர்த்தி நகர்த்திக் காட்டுங்கள்” என்றேன், நாற்பது வருடமாகப் பறை காய்ச்சுகிற மனிதருக்கு. பத்து நிமிடம் ஆனது. சூடு போதவில்லை என்று இன்னும் நெருக்கமாகக் கொண்டுபோகச் சொன்னேன். விளிம்புக்குச் சற்று உள்ளே ‘பட்’ என்று தோல் வெடித்தது. ஒரு விரல் நுழையும் அளவு கிழிசல்.

மாயாண்டி பறையைத் திருப்பி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, கிழிசல் வழியாக என்னைப் பார்த்தார். “விளக்கு நல்ல விளக்குத்தாம்மா. வெளிச்சத்துக்கு.”

அப்போதுதான் நவீன் வந்தார். நல்ல பிள்ளை, உதவவேண்டும் என்றுதான் வந்தார். “அக்கா, டென்ஷன் ஆகாதீங்க. எங்க எலக்ட்ரானிக் பேட்ல ரெக்கார்ட் பண்ணின பறை சவுண்ட் இருக்கு. நான் அதத் தட்டிவிடுறேன். நீங்க எல்லாரும் மேடையில சும்மா அடிக்கிற மாதிரி ஆடுங்க. கூட்டத்துக்கு ஒண்ணும் தெரியாது.”

“தம்பி,” என்றார் பாண்டிச்செல்வி, “நீங்க கிதாரு வாசிக்கிறப்ப நான் பக்கத்துல ரேடியோ போட்டுவிடட்டா? கூட்டத்துக்கு ஒண்ணும் தெரியாது.”

நவீன் முகம் சிவந்து, “சாரிக்கா” என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். போகாமல் நின்றது அவருடைய நல்ல குணம்.

மணி ஐந்தரை. தொடக்க விழா. சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார், மேடைக்கு வாருங்கள் என்று வாக்கிடாக்கியில் கூப்பிட்டார்கள். நான் ஓடினேன். மேடையின் நடுவில் ஆளுயரக் குத்துவிளக்கு. ஐந்து முகத்திலும் எண்ணெய் நிரப்பித் திரி போட்டு, சுற்றிலும் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையிலிருந்து வந்த சம்பங்கிச் சரம். நான்தான் தீக்குச்சியைக் கிழித்தேன். நான்தான் மெழுகுவத்தியை ஏற்றினேன். விருந்தினரிடம் கொடுக்கத் திரும்பியபோது, மேடைப் படியின் ஓரத்தில் பாண்டிச்செல்வி நின்றிருந்தார். தனக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்க வந்தவர். அவர் மெழுகுவத்தியைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். அப்போதுதான் அந்தக் கேள்வி.

“அது மட்டும் தீ இல்லையாக்கா?”

அதுவரை இருபத்தேழு வருடத்தில் நான் எத்தனை குத்துவிளக்குகளை ஏற்ற வைத்திருப்பேன்! ஒருமுறைகூட அது பதினான்காம் விதிக்குள் வருகிற பொருளாக எனக்குத் தோன்றியதில்லை. கேஸ் தீப்பிழம்புக்குக் கடிதம் இருந்தது. குத்துவிளக்குக்குக் கடிதமே தேவைப்படவில்லை. ஆக, எட்டுப் பக்க விதிகளால் அந்த மைதானத்தில் தடைசெய்யப்பட்டிருந்த ஒரே தீ, பறையின் தீ. நான் அப்படி நினைத்து எழுதவில்லை என்பது உண்மை. விளைவு அப்படித்தான் இருந்தது என்பதும் உண்மை. விளைவை எடைபோடுகிறவள் என்று என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

மெழுகுவத்தியைக் கொடுத்துவிட்டு இறங்கினேன். செயலாளரிடம் சொன்னேன், தீ மூட்ட அனுமதிக்கப் போகிறேன் என்று. “மேடம், உங்க பொறுப்பு. எழுத்துல எதுவும் வராம பாத்துக்கங்க” என்றார். அந்த வாக்கியத்தைப் பணி வாழ்க்கையில் நீங்களும் அடிக்கடி கேட்பீர்கள். அது அனுமதியும் இல்லை, மறுப்பும் இல்லை. சொன்னவர் தப்பிக்கிற வழி மட்டும்தான்.

சரி, எங்கே மூட்டுவது? யாரைக் கேட்பது? அப்போதுதான் எனக்கு உறைத்தது, மைதானத்தில் ஒரு தீயணைப்பு வண்டி காலையிலிருந்தே நிற்கிறது என்பது. மேடைக்குப் பின்னால் நிற்க வேண்டிய வண்டி. அந்த இடத்தை நவீன் குழுவின் லாரிக்கு ஒதுக்கியிருந்ததால், மைதானத்தின் மறுகோடியில், நுழைவாயில் அருகே நிற்கச் சொல்லியிருந்தேன். வரைபடம் போட்டதும் நான்தான்.

மூத்த தீயணைப்பு வீரர் வண்டியின் படியில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூச்சிரைக்கச் சொல்லி முடித்தேன்.

“இம்புட்டுத்தானா?” என்றார். “காலைலருந்து இங்கதான் ஒக்காந்திருக்கோம். ஒருத்தராச்சும் வந்து ஒரு வார்த்த கேட்டீங்களாம்மா? தீய எங்க வைக்கலாம் எங்க வைக்கக் கூடாதுன்னு பாக்கத்தானே எங்களக் கூப்பிடுறீங்க?”

“விதியில் கூடாது என்று...”

“யாரு போட்ட விதி?”

“நான்தான்.”

அவர் சுண்டல் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்தார். வண்டிக்குப் பத்தடி தள்ளி மண்ணைப் பரப்பச் சொல்லி, காற்றுக்கு மறைப்பாக ஒரு தகரத்தை நிறுத்தி, ஒரு வீரரை நீர்க்குழாயோடு நிற்க வைத்தார். இரண்டு நிமிடம் ஆகவில்லை. “கூட்டிட்டு வாங்க” என்றார். “தீயணைப்பு வண்டிக்குப் பக்கத்துல மூட்டுற தீயவிடப் பத்திரமான தீ மதுரையிலயே கெடயாது.”

நவீனே ஓடிப்போய் அவர்களை அழைத்து வந்தார், மிச்ச வைக்கோல் கட்டைத் தன் தோளில் சுமந்துகொண்டு. ஏழு பறைகளும் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. ‘தொப்’ என்றிருந்த ஒலி மெல்ல மெல்லத் தெளிந்து, கடைசியில் கன்னத்தில் அறைந்ததுபோல ஒரு ‘டண்’. தீயணைப்பு வீரர்கூட அரையடி பின்வாங்கினார்.

ஆனால் மேடை மைதானத்தின் மறுகோடியில். நடுவில் கூட்டம். ஈரக் காற்றில் நடந்துபோனால் தோல் மறுபடி தளரும். சூடு இருக்கும்போதே அடிக்கத் தொடங்கியாக வேண்டும். வாக்கிடாக்கியில் இஸ்மாயில் பாய் கத்தினார்: “அக்கா, எட்டு மைக்கத் தொறந்து வச்சிட்டு நிக்கிறேன். ஆளு எங்கக்கா?”

“நுழைவாயிலில் இருக்கிறார்கள், பாய். அங்கிருந்தே வாசித்துக்கொண்டு வருவார்கள்.”

“யா அல்லா! அப்ப இந்த மைக்க வச்சு நான் என்ன செய்ய?”

மேடையில் சிறப்பு விருந்தினர் ‘மண்ணின் இசை’ பற்றி முப்பத்தைந்தாவது நிமிடமாகப் பேசிக்கொண்டிருந்தார். நுழைவாயிலில் ஏழு பறைகள் ஒன்றாக அதிர்ந்தன. கூட்டம் முழுவதும் திரும்பியது. அவர் “ஆகவே” என்று சொன்னது மட்டும் கேட்டது. அதற்குப் பிறகு உதடுகள்தான் அசைந்தன. கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. மாயாண்டி பறையில்லாமல் முன்னால் ஆடிக்கொண்டு வந்தார். நாற்பது நிமிடம் வாசித்திருக்க வேண்டியவர்களுக்கு, எல்லாம் சேர்த்து இருபத்திரண்டு நிமிடம் கிடைத்தது. மேடையின் மேல் பதினோரு நிமிடம்.

இங்கேயே நிறுத்தினால் இது ஒரு வெற்றிக்கதை. விழாக்குழுவில் அன்று எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். “என்ன ஐடியா மேடம், பிரமாதமான என்ட்ரி!” என்று செயலாளர் கைகுலுக்கினார். அடுத்த வருடமும் அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்றார்.

நான் பாண்டிச்செல்வியைத் தேடிப்போனேன். வேன் அருகே ஊர்க்காரர்களோடு நின்றிருந்தார். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்: “ஏத்தா, மேடைக்கு மேடைக்குன்னு சொன்னீக. கடைசில கேட்டு வாசல்லருந்து ரோட்டுலதான அடிச்சிட்டு வந்தீக? அதுக்கு நம்மூரு தெருவு பத்தாதா?”

அவர் போன பிறகு, கிழிந்த பறைக்காக நான் மன்னிப்புக் கேட்டேன். “தோலு வேற கட்டிக்கலாம்க்கா, அதவிடுங்க” என்றார் பாண்டிச்செல்வி. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “அவரு கேட்டது தப்பில்ல. எல்லாரும் கைதட்டுனாக. ஆனா நாங்க மேடையில நின்னு வாசிக்கத்தானக்கா வந்தோம். நடந்துக்கிட்டே அடிக்கிறது எங்களுக்குப் புதுசா என்ன?”

என் மீட்பு முயற்சி எந்த இடத்தில் அவர்களைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. நெருக்கடியில் நான் எடுத்த முடிவு சரியானதுதான். ஆனால் அந்த நெருக்கடியே வந்திருக்க வேண்டியதில்லை. ஒரு மாதத்துக்கு முன்பு ஒரு தொலைபேசி அழைப்பில், ‘வாசிக்கிறதுக்கு முன்னால உங்களுக்கு என்ன வேணும்?’ என்று கேட்டிருந்தால், வைக்கோல் என்று ஒரு சொல்லில் முடிந்திருக்கும். கேஸ் தீப்பிழம்புக்கு மூன்று நாட்கள் கடிதம் எழுத எனக்கு நேரம் இருந்தது. நெருக்கடியைச் சமாளித்ததற்காக யாராவது உங்களைப் பாராட்டினால், அதை உண்டாக்கியது யார் என்று ஒருமுறை உங்கள் குறிப்பேட்டைப் புரட்டிப் பாருங்கள்.

அந்த விழாவுக்குப் பிறகு ‘எக்காரணம் கொண்டும்’ என்ற சொற்களை அடித்துவிட்டேன். ரைடர் அனுப்பாத குழுக்களை நானே அழைத்து, அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். மறுவருடம் பாண்டிச்செல்வியின் குழுவிலிருந்து ரைடர் எழுத்திலேயே வந்தது, கோடு போட்ட தாளில் அரைப்பக்கம்: காய்ந்த வைக்கோல் ஒரு கட்டு, காற்றுக்கு மறைப்பாகத் தகரம் ஒன்று, மேடைப் படிக்குப் பக்கத்தில் நாலடி இடம். தீப்பெட்டி நாங்களே கொண்டுவருகிறோம்.

அன்று முதல் நான் ஓய்வு பெற்ற நாள் வரை, என் வரைபடங்களில் தீயணைப்பு வண்டி மேடைக்குப் பின்னால் நின்றது. லாரிகள் நுழைவாயிலில் நின்றன.